எங்களுக்குப் பிறகு யார்?

(வாசகர் கேள்வி – பதில்)

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பள்ளிப்படிப்பு, பயிற்சி ஆகியவற்றைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோதெல்லாம், "எங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டான், இனி என்ன?" என்று கேட்டுச் சில கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் எங்கே, யாருடன், எவருடைய துணையோடு வாழ்வது என்பதைப் பற்றிய ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி ஊர்ப் பெயர் மட்டுமே தரப்படுகிறது.

கேள்வி: எனக்கு வயது 67. கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் மகனுக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு உடையவன். தானே குளிப்பான், உடுத்திக்கொள்வான், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவான். எழுத்தும் கணக்கும் வராது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். வெளியூரில் உள்ள ஒரு ஹோமில் எட்டு லட்சம் ரூபாய் கட்டிவிட்டால் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்வார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, இப்போதைக்குக் கட்டாதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது உங்கள் மகன் பால் வாங்கி வருகிறார் என்ற வரிதான். எண்ணத் தெரியாதவர் எப்படிப் பால் வாங்குகிறார்? கடைக்காரருக்கு அவரைத் தெரியும். அவர் வாய் திறக்கும் முன்பே எத்தனை பாக்கெட் என்பது தெரியும். மீதிச் சில்லறையைப் பையில் போட்டு அனுப்புவார். ஒருநாள் ஆளைக் காணோமென்றால் உங்களிடம் விசாரிக்கவும் செய்வார் என்று நினைக்கிறேன். அந்தக் கடை, அந்தத் தெரு, வழியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேர் எல்லாம் சேர்ந்துதான் முப்பத்துநான்கு ஆண்டுகளில் உங்கள் மகனின் திறமையாக உருவாகியிருக்கின்றன. ஊருக்கு வெளியே மதில் சூழ்ந்த ஒரு வளாகத்தில் அவரைக் கொண்டுபோய் விட்டால், அங்கே பால் தானாகவே டம்ளரில் வந்துவிடும். பால் வாங்கத் தெரிந்தவர் என்ற அவருடைய தகுதி அந்த வாசலோடு நின்றுவிடும்.

ஹோம்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழியே இல்லாத குடும்பங்களுக்கு அவை கைகொடுத்திருக்கின்றன. அர்ப்பணிப்போடு நடத்துபவர்களையும் அறிவேன். ஆனால் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு 'ஆயுள் முழுவதும்' என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, யாருடைய ஆயுள் என்று கேட்டாக வேண்டும். உங்கள் மகன் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழக்கூடும். அந்த இல்லத்தை இன்று நடத்துபவருக்கு வயது எத்தனை, அவருக்குப் பின் யார், இல்லம் மூடப்பட்டாலோ மகனுக்கு அந்த இடம் ஒத்துவராமல் போனாலோ பணம் திரும்பி வருமா என்பவையெல்லாம் எழுத்தில் இருக்கின்றனவா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இத்தகைய இல்லத்தைப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடத்தக் கூடாது. அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

நேரில் பார்க்கப் போவதானால், முன்கூட்டிச் சொல்லாமல் மாலை ஐந்து மணி வாக்கில் போங்கள். அலுவலக அறையில் மாட்டியிருக்கும் விருதுகளை விட்டுவிட்டுத் துணி காயும் கொடியைப் பாருங்கள். துவைத்த துணிகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்து, கைக்கு வந்ததை எடுத்து ஒவ்வொருவருக்கும் மாட்டிவிடுகிறார்கள் என்றால், அங்கே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் எதுவும் இல்லை. சமையலறை பூட்டிக் கிடக்கிறதா, குளியலறைக் கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் உண்டா, இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாகப் படுத்துவிட வேண்டுமா, அங்கு வாழ்பவர் ஒருவர் தம் கையால் உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தர அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாடகை வீட்டைச் சென்ற ஆண்டு பார்த்தேன். தெருவில் உள்ள மற்ற வீடுகளைப் போன்ற வீடுதான். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. நாற்பது வயதை ஒட்டிய நான்கு ஆண்கள். முறைவைத்து வரும் உதவியாளர்கள் இருவர். சமையலறையில் தண்ணீர் அளக்கும் பிளாஸ்டிக் ஜாடியின் வெளிப்புறத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். எழுத்தறியாத ஒருவர் அந்தக் கோடு வரை தண்ணீர் பிடித்து, இரண்டு ஆழாக்கு அரிசி போட்டு, தினமும் குக்கரில் சோறு வைத்துவிடுகிறார். கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் உதவியாளரின் வேலையாக இருந்தது. இண்டக்ஷன் அடுப்பு வாங்கிய பிறகு அதுவும் அவர் கைக்கே வந்துவிட்டது. சுவரில் கிழமைவாரியாக அவரவர் புகைப்படம்: திங்கட்கிழமை காய் நறுக்குபவர், செவ்வாய்க்கிழமை வாசல் பெருக்குபவர் என்று. நான் போன அன்று காய் நறுக்க வேண்டியவர் தம் படத்தைக் கழற்றிவிட்டு இன்னொருவரின் படத்தை அங்கே ஒட்டியிருந்தார். அதன்மேல் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. எந்த ஹோமிலும் அப்படியொரு சண்டையை நான் கண்டதில்லை.

செலவைப் பற்றிப் பொய் சொல்ல விரும்பவில்லை. தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இதைக் கொண்டு உதவியாளருக்கு ஒரு வாரச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. நான்கு குடும்பங்கள் வாடகையையும் சம்பளத்தையும் பங்கிட்டுக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். எனவே உங்கள் மகன் படித்த சிறப்புப் பள்ளியின் பழைய பெற்றோர்களைத் தேடுங்கள். அவர்களும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்களுக்கான குழு இல்லங்களுக்கென்று மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்குக் 'கரௌண்டா' என்ற திட்டம் இருக்கிறது. பதிவுபெற்ற அமைப்புகள் வழியே நடப்பது அது. உங்கள் பகுதியில் அத்தகைய அமைப்பு உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீடு அமையும்வரை காத்திருக்க வேண்டாம். மாதத்தில் இரண்டு இரவாவது மகன் உங்களை விட்டு வேறிடத்தில் தூங்கிப் பழகட்டும். நீங்கள் மருத்துவமனையில் படுக்கும் நாள்தான் அவருக்கு முதல் பிரிவாக அமைய வேண்டுமா என்ன? ஒரு நோட்டும் போடுங்கள். வெண்டைக்காய் பிடிக்காது, இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார், பல்வலி வந்தாலும் வயிற்றுவலி என்றே சொல்வார் என்பது போன்ற, உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற செய்திகளையெல்லாம் அதில் எழுதுங்கள். எட்டு லட்சம் கொடுத்தாலும் அந்த நோட்டை வேறெவராலும் எழுதித் தர முடியாது.

கேள்வி: ஹோம், குழு இல்லம், துணைபெற்று வாழ்தல் என்று பலவாறாகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது பெயர்தான் மாறுகிறதா? (சிறப்பாசிரியர், மதுரை)

பதில்: பலகையை மாற்றிவிட்டுப் பழையதையே நடத்துபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே உங்கள் ஐயம் நியாயமானதே. நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வீடு ஒருவர் கையிலும் உதவி இன்னொருவர் கையிலும் இருக்கின்றனவா? ஹோமில் இவை இரண்டும் ஒரே முடிச்சு. உதவியாளர் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார் என்று பெற்றோர் புகார் சொன்னால், "பிடிக்கவில்லையென்றால் அழைத்துக்கொண்டு போங்கள்" என்று பதில் வருவதற்கு இதுவே காரணம். புகார் சொல்பவர் கூரையையும் சேர்த்து இழக்க வேண்டியிருக்கிறது. துணைபெற்று வாழ்வதில், வாடகை ஒப்பந்தம் அங்கு வாழ்பவர் பெயரிலோ அவர் குடும்பத்தார் பெயரிலோ இருக்கும். உதவி வேறோர் அமைப்பிடமிருந்தோ தனி ஆளிடமிருந்தோ வரும். ஆளை மாற்றினாலும் வீடு மாறாது. உதவியின் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும்: ஒருவருக்கு இரவு பகலாக ஆள் வேண்டும், இன்னொருவருக்கு வாரம் இருமுறை ஒருவர் வந்து மருந்துப் பெட்டியை நிரப்பி, மின்கட்டணத்தைக் கட்டிக் கொடுத்தால் போதும். குழு இல்லம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. நடத்துபவரைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். ஐந்தே பேர் வாழும் வீட்டில்கூட, எழுவதற்கும் உண்பதற்கும் டி.வி. பார்ப்பதற்கும் மணி அடித்துக்கொண்டிருந்தால் அது சிறிய அளவிலான ஹோம்தான்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்று, இந்தியா 2007இல் உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் இருக்க வேண்டும் என்கிறது. நமது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் சமூகத்தில் வாழும் உரிமையை ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தப்படாதிருக்கவும், தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்கவும் அரசு 'முயல வேண்டும்' என்று கூறுகிறது. சட்டம் எழுதியவர்கள் அந்த 'முயல' என்ற சொல்லை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

கேள்வி: என் அக்காவுக்கு 41 வயது, மூளை முடக்குவாதம் உடையவர். பேச்சு தெளிவாக வராது, கையெழுத்துப் போட முடியாது, ஆனால் பி.ஏ. படித்தவர், எல்லாம் புரியும். அப்பா விட்டுச் சென்ற பணத்தை அவர் பெயரில் போடப் போனபோது வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். என் பெயரில் வாங்கிவிடட்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது. இருந்தாலும், அக்காவிடம் கேட்டீர்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடைய பெரியவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற ஓர் அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழு அந்த விண்ணப்பத்தை விசாரிக்கும். குழு முதலில் பார்க்க வேண்டியது பாதுகாவலர் தேவையா என்பதையே. மூளை முடக்குவாதம் என்று மருத்துவச் சான்றில் எழுதியிருப்பதாலேயே தேவை என்று ஆகிவிடாது. நியமிக்கப்பட்டால் உங்களுக்கும் பொறுப்புகள் உண்டு: ஆறு மாதத்திற்குள் அக்காவின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்திற்குள் வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும். சான்று வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் அக்கா போன்றவர்களுக்குப் பயன்படக்கூடியது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. சொத்து வைத்துக்கொள்ளவும், தம் பண விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குள்ள அதே உரிமையை அது தருகிறது. துணை நிற்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பண விஷயத்தில் நலன்கள் மோதினால், துணை நிற்பவர் அந்தக் காரியத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்றும், வேண்டாத துணையை மாற்றிக்கொள்ளும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்றும் அதே பிரிவு கூறுகிறது. அப்பாவின் பணத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறதல்லவா? ஆகவே அந்த ஏற்பாட்டில் உங்களைத் தவிர இன்னொருவரும் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

கையெழுத்துப் போட முடியாதது கணக்கு நடத்தத் தடையாகாது. கைநாட்டையோ, அதுவும் இயலாதவர்களுக்குக் கால்விரல் ரேகையையோ, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகளுடன் ஏற்றுக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடம் இருக்கிறது. அக்காவையே அழைத்துக்கொண்டு போங்கள்; அவர் சொல்வதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். வங்கியில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடனேயே பாதி மறுப்புகள் கரைந்துவிடும். கரையாவிட்டால் வங்கிக் குறைதீர் ஆணையரிடமும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒரு ஃப்ளாட்டை அதன் உரிமையாளர், மனநோயிலிருந்து மீண்ட நான்கு பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் வாடகைக்கு விட்டிருக்கிறார். கூடவே ஓர் உதவியாளரும் இருக்கிறார். குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் பலர் அஞ்சுகிறார்கள். சங்கத்தில் தீர்மானம் போட்டுக் காலிசெய்யச் சொல்ல முடியுமா? (குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை)

பதில்: ஐயா, அப்படியொரு தீர்மானம் போடாதீர்கள். அந்தப் பெண்கள் ஏதேனும் செய்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மனநோய் உடைய ஒவ்வொருவருக்கும் சமூகத்தில் வாழவும், அதிலிருந்து ஒதுக்கப்படாதிருக்கவும் உரிமை உண்டு என்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. அப்படி வெளியே வருபவர்கள் எங்கேயாவது குடியிருக்கத்தானே வேண்டும்? எல்லாச் சங்கங்களும் உங்கள் சங்கம் போலவே தீர்மானம் போட்டால் அந்தச் சட்டம் காகிதமாகிவிடும். ஊரறிய ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதோ மிரட்டுவதோ, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுபவர்களுக்குத் தெரிவித்துவையுங்கள்.

இப்படிப்பட்ட வீடுகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. வீடின்றித் தெருவில் திரிந்த, மனநோய் உடைய பெண்களுக்காக 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் இதைச் செய்துவருகிறது. நீண்ட காலம் நிறுவனங்களிலேயே இருந்துவிட்டவர்கள், தமக்கு ஒத்துப்போகிறவர்களைத் தேர்ந்துகொண்டு, நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சேர்ந்து வாழ்கிறார்கள். உடன் இருக்கும் உதவியாளர் மருத்துவமும் செவிலியமும் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. சந்தைக்குப் போவது, கோயிலுக்குப் போவது, பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பது என்று வாழ்க்கை நடக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியையும் நாம் பார்த்துவிட்டோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கி 28 பேர் இறந்தார்கள். கண்ணுக்கு மறைவாக எங்காவது இருக்கட்டும் என்று நினைத்த குடும்பங்களும் ஊர்களும் சேர்ந்துதான் அந்தக் கொட்டகையை நிரப்பியிருந்தன.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். சங்கச் செயலாளர் என்ற முறையில் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அவசரமென்றால் யாரை அழைப்பது என்பது தெரிந்தாலே பாதி அச்சம் தணியும். அந்தப் பெண்களிடம் நோயின் பெயரைக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. மாதப் பராமரிப்புக் கட்டணத்தைத் தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 29. வீட்டையும் சேமிப்பையும் என் மகன் பெயருக்கு எழுதிவிட்டால் அவன் தங்கையைப் பார்த்துக்கொள்வான் என்று எண்ணுகிறேன். சரிதானா? (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் மகன் தங்கமானவராகவே இருக்கட்டும். தொழிலில் கடன் ஏற்பட்டால் கடன்காரர்கள் அந்த வீட்டைத்தான் பார்ப்பார்கள். அவருக்கு முன்பே ஏதேனும் நேர்ந்துவிட்டால் வீடு அவர் வாரிசுகளுக்குப் போகும். அந்தக் கணக்கில் மகள் எங்கும் இருக்கமாட்டார். பார்த்துக்கொள்பவரே சொத்தைப் பெறுபவராகவும் இருப்பது மேலே மதுரை ஆசிரியருக்குச் சொன்ன அதே முடிச்சுதான். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி மகளின் நலனுக்கென்று ஒரு தனியார் அறக்கட்டளையை உயில் வழியாகவோ இப்போதேயோ ஏற்படுத்தி, மகனோடு குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரையும் அறங்காவலராகப் போடுங்கள். வழக்கறிஞர் செலவுக்குத் தயங்காதீர்கள்.

ரயில்வே ஓய்வூதிய விதிகளின்படி, சம்பாதித்து வாழ இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நீங்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்றைக் கொடுத்து, மகளின் பெயரை ஓய்வூதிய ஆணையில் ஏற்றி, அவர் சார்பில் பணத்தைப் பெறுபவர் யார் என்பதையும் குறித்துவிடுங்கள். பெற்றோர் இருவரும் போன பிறகு இதற்காக அலுவலகப் படியேறிய உடன்பிறந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது. அதிலும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தோழி ஒருத்தியோடு வாடகை வீடு எடுத்துக்கொண்டு, உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். "படுக்கையில் திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டும், நீ தனியாக வாழ்வாயா?" என்று அம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்வது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் இருந்தார். பதினான்கு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ அசைவே இல்லாமல் போனவர். இரவில் செயற்கைச் சுவாசத்துக்கு 'இரும்பு நுரையீரல்' என்ற உருளைக் கருவிக்குள் படுத்தவர். பள்ளியில் உடற்பயிற்சிப் பாடமும் வாகனம் ஓட்டும் பாடமும் முடிக்கவில்லை என்று அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தபோது, விடாமல் போராடி வாங்கித் தந்தவர் அவருடைய அம்மா. அந்த மகன் பின்னாளில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து, தோழர்களோடு சேர்ந்து 1972இல் அங்கே சுதந்திர வாழ்வு மையத்தைத் தொடங்கினார். சட்டையைத் தானே போட்டுக்கொள்ள இரண்டு மணி நேரம் போராடுவதைச் சுதந்திரம் என்று அவர்கள் கருதவில்லை. எந்தச் சட்டையை, எத்தனை மணிக்கு, யார் கையால் போட்டுக்கொள்வது என்பதைத் தாமே முடிவுசெய்வதையே சுதந்திரம் என்றார்கள். படுக்கையில் திரும்ப ஆள் வேண்டும் என்பது உண்மை. அந்த ஆளை அமர்த்துவதும், வேலை சொல்வதும், சரியில்லையென்றால் மாற்றுவதும் நீங்களாக இருக்கலாம். அம்மாவுக்குச் சொல்லும் பதில் இதுதான்.

அதே நேரத்தில் அம்மாவின் அச்சத்தைப் பழைமை என்று தள்ளிவிடாதீர்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் இரவில் எழுந்து உங்களைத் திருப்பிப் படுக்க வைத்தவர் அவர். உதவியாளர் ஒருநாள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. அதற்கு விடை வைத்திருங்கள். ஒரே ஆளை நம்பாமல் இருவரைப் பழக்குங்கள். அவசரத்துக்கு மூன்றாவதாக ஒருவர் அதே தெருவில் இருக்கட்டும். உதவியாளருக்கு வாரம் ஒருநாள் விடுப்பு, எழுத்தில் சம்பளம், இரவு வேலைக்குத் தனிக் கணக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பாசத்தை நம்பி ஆள் வைத்தால் ஆறு மாதத்தில் பாசமும் போய்விடும், ஆளும் போய்விடுவார். தோழியை உதவியாளர் ஆக்கிவிடாதீர்கள். அவர் வாடகையில் பாதி தருபவர், நள்ளிரவில் எழுப்பப்பட வேண்டியவர் அல்லர். வீடு பார்க்கும்போது தரைத்தளம், லிஃப்ட் என்பதோடு நிறுத்தாமல் குளியலறைக் கதவின் அகலத்தை டேப்பால் அளந்துவிடுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு நாற்காலி நுழையாமல் நின்றவர்களை அறிவேன்.

முதல் மாதம் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் அங்கே தங்கிப் பாருங்கள். அம்மா பார்க்க வரட்டும், சமைத்துக்கூட வைத்துவிட்டுப் போகட்டும். உதிரிச் சாவி ஒன்றை அவரிடமே கொடுத்துவையுங்கள். ஆனால் அழைப்புமணியை அடித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.